பிசினும் படகும்: வீட்டில் மரப்படகு கட்டுவோருக்கு ஓர் இரசாயனப் பாடம்



நமது பாடசாலையின் மேற்பிரிவு மாணவர் சிலரும் அவர்தம் பெற்றோரும் 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஒரு வீட்டுக் கராஜினுள்ளே தொடங்கிய சிறு மரப்படகு, 2025 யூன் மாதத்தில் நீரில் இறங்கியதை உங்களிற் பலர் நேரில் வந்து கண்டீர்கள். 3.3 மீற்றர் நீளமுள்ள அப்படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோர் பெரும்பாலும் கேட்ட கேள்வி ஒன்றே. "ஆணி எங்கே?" என்பதே அக்கேள்வி. உடற்பலகைகளைப் பிணைப்பதற்கு அதில் ஓர் ஆணியேனும் இல்லை. அப்படியாயின் பலகையும் பலகையும் எவ்வாறு பிரியாது நிற்கின்றன? எப்பொக்சி எனப்படும் பிசினே அவற்றைப் பிணைத்து நிற்கின்றது. அப்பிசினைப் பற்றி இம்மலரில் ஒரு பாடமாக எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். ஊரிலே இரசாயனம் கற்பித்தவன் என்பதனால் எனக்கு இப்பணி இனிமையானதே. ஆயினும் இப்பிசின் விடயத்தில் நானே ஒரு முறை தவறிழைத்து, அதன் விளைவை இன்றும் உடலில் அனுபவிப்பவன் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்வோம். சுவருக்குப் பூசும் வர்ணம் காய்கின்றது. அதிலுள்ள நீரோ எண்ணெய்க் கரைப்பானோ ஆவியாகிப் போகின்றது. காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையும் அவ்வாறே. எப்பொக்சியோ காய்வதில்லை. அதிலிருந்து எதுவும் வெளியேறிச் செல்வதுமில்லை. இரண்டு திரவங்களைக் கலக்கின்றோம். அவை ஒன்றோடொன்று தாக்கமுற்று மூன்றாவதாக ஒரு திண்மப் பொருளாகின்றன. ஆதலின் "எப்போது காயும்?" என்று கேட்பது பிழை, "எப்போது தாக்கம் முடிவடையும்?" என்று கேட்பதே சரி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டோர்க்கு இப்பாடத்தின் எஞ்சிய பகுதி இலகுவானது. அதனை மறந்தோர் எத்தனை விலையுயர்ந்த பிசினை வாங்கினும் படகு கட்ட மாட்டார்.

பெற்றோர்களுக்கு இது முற்றிலும் புதிய பொருளன்று. ஊரில் உடைந்த பீங்கானையும் கழன்ற செருப்பையும் ஒட்டுவதற்கு இரண்டு சிறு குழாய்களிலிருந்து சம அளவாகப் பிதுக்கித் தீக்குச்சியாற் கலந்து பூசினோமே, அரல்டைற், அது எப்பொக்சியே. 1930களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்தில் பியர் காஸ்ரன் என்னும் இரசாயனவியலாளர் பற்களுக்கு ஏற்ற ஒரு பொருளைத் தேடும் முயற்சியில் இவ்வகைப் பிசினைக் கண்டறிந்தார். அமெரிக்காவிலே சில்வன் கிறீன்லீ என்பவர் பூச்சுகளுக்காக இதே துறையில் உழைத்தார். அரல்டைற் 1946இல் பாசல் நகரக் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பெற்றது. பல்லுக்காகத் தேடிய பொருள் பின்னாளிற் படகுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கூஜன் சகோதரர்கள் மூவர், மரத்தின் எல்லாப் பக்கங்களையும் எப்பொக்சியால் மூடி நீர் புகாதவாறு செய்து படகு கட்டும் முறையை வளர்த்தனர். 1970இல் அவர்கள் கட்டிய அடாஜியோ என்னும் மூவுடற் பாய்ப்படகு அம்முறைக்குச் சான்றாயிற்று. 1979இல் அவர்கள் வெளியிட்ட படகு கட்டும் நூலை இன்றும் வீட்டுப் படகுத் தச்சர்கள் கையில் வைத்திருக்கின்றனர்.

தையலும் ஒட்டலும்

நாம் வாழும் இந்த இங்கிலாந்திலே, சாதாரண குடும்பமொன்று வீட்டிலிருந்தே பாய்ப்படகு கட்டலாம் என்பதை மெய்ப்பித்தது 'மிறர்' என்னும் சிறு படகு. ஜக் ஹோல்ற் என்னும் படகு வடிவமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்துப் புகழ்பெற்றிருந்த பரி பக்னெல் என்பவரும் சேர்ந்து அதனை அமைத்தனர். டெய்லி மிறர் பத்திரிகையின் ஆதரவுடன் 1963இல் அது வெளிவந்தது. கட்டுதற்குரிய பொருட்தொகுதியின் விலை அக்காலத்தில் 63 பவுண் 11 சிலிங். செந்நிறப் பாயுடன் கூடிய அவ்வகைப் படகுகள் 70,000க்கு மேல் கட்டப்பட்டுள்ளன. அதன் சிறப்பு என்னவெனில், வெட்டிய பிளைவூட் பலகைகளின் ஓரங்களிற் சிறு துளைகளிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, தைத்த மூலைகளின் மேல் கண்ணாடி நார் நாடாவைப் பிசினில் நனைத்து ஒட்டிவிடுவதாகும். அச்சுச் சட்டமோ வளைத்த வங்குக் கால்களோ தேவையில்லை. ஆரம்பத்தில் அதற்குப் பயன்பட்ட பிசின் பொலியெஸ்ரர். அது மரத்தைப் பற்றுவதில் எப்பொக்சிக்கு ஈடாகாது. ஆதலால் இன்று இம்முறையில் கட்டுவோர் எப்பொக்சியையே நாடுகின்றனர்.

பலகையைத் தைத்துப் படகாக்குவது என்றவுடன் நம் முன்னோர் நினைவு வரவில்லையா? சோழமண்டலக் கரையில், துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், அலை மோதும் கரைக்கும் நங்கூரமிட்ட கப்பலுக்கும் இடையே ஆட்களையும் பொருட்களையும் ஏற்றியிறக்கிய மசுலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஆணி அடித்த படகு அந்த அலையிற் பிளந்துவிடும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். கட்டுமரமோ பெயரிலேயே கட்டினை உடையது. அப்பெயர் ஆங்கிலத்திற் புகுந்து உலகெங்கும் இரட்டை உடற் படகுக்கு வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த செய்தியையும் உங்கள் பாட்டன்மார் சொல்லியிருப்பர். தமிழ்ப் பாடசாலைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று வினவியோர்க்கு இவ்வளவு விடை போதும் என எண்ணுகிறேன்.

ஆயினும் ஒரு முக்கிய வேறுபாட்டை இங்கே சொல்லல் வேண்டும். நம் கரையோரத் தச்சர்கள் பலகைகளுக்கு இடைப்பட்ட நீக்கலிற் பஞ்சையோ நாரையோ அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசிக் கலப்பற்று அடித்தனர். அத்தகைய படகு நீரில் ஊறினால்தான் பலகை பருத்து நீக்கல் இறுகும். கரையில் வெகுநாள் கிடந்த வள்ளத்தை இறக்கிய முதல் நாளில் நீர் கசிவதும், ஊறியபின் கசிவு நிற்பதும் இதனாலேயே. எப்பொக்சிப் படகின் தத்துவம் இதற்கு நேரெதிரானது. இங்கே மரம் ஊறவே கூடாது. உலர்ந்த மரத்தை உலர்ந்த நிலையிலேயே பிசினால் முற்றாகப் பொதிந்து, அது பருக்கவும் சுருங்கவும் இடமளியாது அடைத்துவிடுகின்றோம். ஈரமுள்ள மரத்தைப் பொதிந்தால் ஈரத்தை உள்ளே சிறை வைத்தவராவோம். மரம் உள்ளிருந்தே உக்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 12 பங்கிற்கு மேற்படாதிருத்தல் நன்று.

கைகோத்தலும் விகிதமும்

இனி இரசாயனத்துக்கு வருவோம். ஒரு கொள்கலனில் இருப்பது பிசின்; கடையில் றெசின் என்பர். மற்றையதில் இருப்பது அதனை இறுக வைக்கும் பொருள். கடையில் ஹாடினர் என்பர். நான் அதனை இறுக்கி என்று அழைக்கின்றேன். பிசின் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் இரண்டு காபன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்த சிறு முக்கோணம் ஒவ்வொன்று உண்டு. அம்முக்கோணம் நாணேற்றிய வில்லைப் போல எந்நேரமும் திறந்துகொள்ள விழைந்து நிற்பது. இறுக்கியிலுள்ள அமைன் கூட்டத்தின் ஐதரசன் அணு ஒவ்வொன்றும் ஒரு முக்கோணத்தைத் திறந்து அதனோடு பிணைகின்றது.

விளையாட்டு மைதானத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் நிற்பதாக எண்ணுங்கள். பிசின் பிள்ளைக்குக் கை இரண்டு. இறுக்கிப் பிள்ளைக்குக் கை நான்கோ அதற்கு மேலோ. பிசின் பிள்ளை இறுக்கிப் பிள்ளையின் கையை மட்டுமே பிடிப்பான். ஒரு கைக்கு ஒரு கை. எல்லாக் கைகளும் கோத்துக்கொண்டால் மைதானம் முழுவதும் பெரியதொரு வலையாகிவிடும்; ஒருவனை இழுத்தால் அனைவரும் எதிர்ப்பர். இதுவே இறுகிய எப்பொக்சி. இப்போது இறுக்கிப் பிள்ளைகளை அளவுக்கு மிஞ்சி மைதானத்தில் விட்டால் என்ன நிகழும்? வேலை விரைவில் முடியுமா? முடியாது. பிடிப்பதற்குக் கையின்றி வெறுங்கையுடன் பலர் அலைவர். நான்கு கை உடையவன் ஒரு கையை மட்டும் கோத்து நிற்பான். வலை பின்னப்படாது. பொருள் றப்பர் போலவோ பாகு போலவோ பிசுபிசுத்து நிற்கும், எத்தனை நாள் காத்திருந்தாலும்.

இதனை ஊரிற் கரும்பலகையில் வரைந்து விளக்கியவன் நான். அவ்வாறிருந்தும் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

முதலாம் ஆண்டு டிசெம்பரில் படகின் வலப்பக்க முன் அடிமூலையை ஒட்டும் வேலை வந்தது. கராஜினுள்ளே 8 பாகை செல்சியஸ். முதல் நாட் பூசிய கலவை மறுநாளும் இளகியே கிடந்தது. உதவிக்கு வந்திருந்த தந்தையார் ஒருவர் ஊரிலே கண்ணாடி நார்ப் படகுகளுக்குப் பழுது பார்த்தவர், கைத்திறன் மிக்கவர். "மாஸ்ரர், குளிருக்குக் கொஞ்சம் கூட ஊத்துங்கோ, கெதியாய் இறுகும்" என்றார். கண்ணாடி நார்ப் படகிற் பயன்படும் பொலியெஸ்ரருக்கு அவர் சொன்னது பொருந்தும். அதிற் கலக்கும் சிறு துளித் திரவம் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கே. அது தாக்கத்தைத் தொடக்கி வைக்கும் தீக்குச்சி போன்றது. அதனை ஓரளவு கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எப்பொக்சியின் இறுக்கியோ தீக்குச்சியன்று. வலையின் சரிபாதியான உறுப்பு. எனக்கு இது தெரியும். ஆயினும் பிள்ளைகள் குளிரில் நிற்கின்றார்களே, இருட்டுகின்றதே என்ற அவசரத்தில் ஊற்றினேன்.

ஒவ்வொரு கலவைக்கும் எண்ணிட்டு, எடை, நேரம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொப்பியிற் பதியும் பொறுப்பு 13 வயது மாணவி ஒருத்தியிடம் இருந்தது. அவள் அன்று இவ்வாறு எழுதினாள்: "17ஆம் கலவை. இறுக்கி கூட. சேர் சொன்னபடி."

மறுவாரம் சென்று பார்த்தபோது 17ஆம் கலவை பூசிய மூலையில் விரல் நகம் மெழுகிற் போலப் பதிந்தது. அதற்கு முந்திய வாரத்துப் 16ஆம் கலவையோ, குளிரிற் பிந்தினாலும், கல்லாகி இருந்தது. கொப்பி இல்லையேல் குளிரின் மீது பழியைப் போட்டுவிட்டுப் படகை மேலே கட்டியிருப்போம். அந்த மூலை நீரிற் பிரிந்திருக்கும். அதனுள்ளே இருக்கப்போகின்றவர்கள் உங்கள் பிள்ளைகள். வெப்பக் காற்றுக் கருவியால் இளக்கி, சுரண்டியாற் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து வெறும் மரம் தெரியும்வரை அகற்றுவதற்கு இரண்டு வார இறுதிகள் சென்றன. பெரியோர் மூவர் செய்த வேலை அது.

குளிருக்குச் சரியான வழி யாது? விரைவாகத் தாக்கமுறும் வேறு இறுக்கியை அதே நிறுவனத்திடமிருந்து வாங்குதல், கொள்கலன்களை வீட்டினுள்ளே வைத்து வெதுப்புதல், மரத்தையும் வெதுப்புதல். ஏறத்தாழ 10 பாகை வெப்பநிலை உயர்ந்தால் தாக்கத்தின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொதுவிதி. விகிதத்தைத் தொடலாகாது.

அவ்விகிதம் பிசினுக்குப் பிசின் வேறுபடும். சிலவற்றில் 5க்கு 1, சிலவற்றில் 3க்கு 1, சிலவற்றில் 2க்கு 1. கொள்கலனில் எழுதியுள்ளதே வேதவாக்கு. ஒருவரின் பிசினை இன்னொருவரின் இறுக்கியோடு கலக்கவே கூடாது. இங்கே மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 2க்கு 1 என்பது கனவளவு விகிதம். பிசினின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.15 கிராம், இறுக்கியின் அடர்த்தி 0.97 கிராம் எனக் கொள்க. தராசில் நிறுப்பதாயின் 100 கிராம் பிசினுக்கு எத்தனை கிராம் இறுக்கி? 200 மில்லிலீற்றர் பிசின் 230 கிராம். 100 மில்லிலீற்றர் இறுக்கி 97 கிராம். எனவே 100 கிராமுக்கு ஏறத்தாழ 42 கிராம். பாதிதானே என்று 50 கிராம் நிறுத்தவர் ஐந்திலொரு பங்கு அளவு கூடுதலாக ஊற்றியவராவார். என்னுடைய 17ஆம் கலவையின் உறவினர் அவர். நாங்கள் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்தராசைப் பயன்படுத்தினோம். அது பின்னர் சமையலறைக்குத் திரும்பவில்லை.

அளந்தபின் கலக்குதல். இரண்டு நிமிடம், கடிகாரம் பார்த்து, கிண்ணத்தின் பக்கங்களையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்கவேண்டும். அடிமூலையிற் கலவாது நின்ற பிசின் பின்னர் பலகையில் ஒரு பிசுபிசுத்த பொட்டாக வந்து நிற்கும்.

கலந்தபின் நேரம் நம் கையில் இல்லை. இது புறவெப்பத் தாக்கம். பலகையில் மெல்லிதாகப் பரவிய பிசின் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கிண்ணத்திற் குவிந்து நிற்பதோ வெப்பத்தை வைத்துக்கொள்ளும். வெப்பம் தாக்கத்தை விரைவாக்கும். விரைந்த தாக்கம் மேலும் வெப்பம் தரும். ஒரு கோடை மாலையில் 400 கிராமை ஒரே கிண்ணத்தில் கலந்து, பாதியைப் பூசுமுன்னரே பிளாஸ்ரிக் கிண்ணம் உருகிப் புகைந்தது. வெளியே கொண்டுசென்று கல்லின் மேல் வைத்தோம். அதன்பின் 150 கிராமுக்கு மேல் ஒருபோதும் கலக்கவில்லை. கலந்ததையும் உடனே அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பி வைத்தோம். ஒரே கலவை தட்டில் நெடுநேரம் இளகி நிற்பதும் கிண்ணத்தில் விரைந்து இறுகுவதும் மேற்பரப்பு, கனவளவு ஆகியவற்றின் தொடர்பை விளக்க நல்லதோர் உதாரணம்.

ஒட்டும் வேலை

பிளைவூட் பலகை 2.44 மீற்றர் நீளமே வரும், படகு 3.3 மீற்றர். ஆகவே இரண்டு பலகைகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டவேண்டும். சரிவின் நீளம் தடிப்பைப் போல் 8 மடங்கு. 6 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 48 மில்லிமீற்றர். சீவிய முகம் தாகமுள்ளது; தனிப் பிசினை உறிஞ்சிக் குடித்துவிடும். முதலில் தனிப் பிசினை ஊட்டி, பின் தடிப்பாக்கிய பிசினைப் பூசிப் பொருத்துக. தச்சு வேலை பழகியவர்கள் இங்கே இடுக்கிகளை முழுப் பலத்துடன் முறுக்குவர். அது மரப்பசைக்கு உகந்தது, எப்பொக்சிக்கு ஆகாது. இறுக்கிப் பிழிந்தால் மூட்டினுள் பிசினே எஞ்சாது. ஓரத்தில் மெல்லச் சற்று வெளிவந்தால் போதும். அடியிற் பிளாஸ்ரிக் தாளை விரிக்க மறந்தவர் பலகையைத் தம் மேசையுடன் ஒட்டியவராவர். எங்களிலும் ஒருவர் அவ்வாறு செய்தார்.

தடிப்பாக்குதல் சமையல் தெரிந்தோருக்கு உடனே விளங்கும். சரியாகக் கலந்த பிசினில் நுண்ணிய மரத்தூள் மாவையோ சிலிக்காத் தூளையோ சேர்க்கின்றோம். தனிப் பிசின் தேனைப் போன்றது. நனைப்பதற்கும் பூசுவதற்கும் அது. தோசை மாப் பதம் பலகைகளைப் பொருத்தி ஒட்டுவதற்கு. உழுத்தங்களிப் பதம், அதாவது அகப்பையைக் கவிழ்த்தாலும் விழாத பதம், மூலைகளை நிரப்புவதற்கு. முதலில் கம்பித் தையல்களுக்கு இடையிடையே சிறிது களியை வைத்து இறுகவிட்டு, கம்பிகளை உருவிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட கம்பியை ஈயம் ஒட்டும் மின்கோலாற் சுடவைத்தால் பிசின் இளகி அது வந்துவிடும். பின்னர் மூலை முழுவதும் களியை இட்டு, முனை வட்டமான பிளாஸ்ரிக் துண்டால் ஒரே இழுப்பாக இழுத்து உட்குழிவாக்குக. அது இளகி நிற்கும்போதே கண்ணாடி நாடாவை மேலே விரித்துத் தனிப் பிசினால் நனைத்தல் வேண்டும். வெள்ளை நாடா நனைந்தவுடன் கண்ணுக்கு மறைந்து மரம் தெரியும். வெள்ளையாய் எஞ்சிய இடம் பிசின் காணாத இடம்.

முதற்பூச்சு சற்று ஒட்டும் நிலையில் இருக்கும்போதே அடுத்த பூச்சை இட்டால் இரண்டும் ஒரே வலையாகும். முற்றாக இறுகிவிட்டதாயின் முதலில் சுத்த நீரால் கழுவி, பின் அரத்தாளால் தேய்த்தே மேற்பூச்சு. ஏன் கழுவவேண்டும்? காற்றிலுள்ள ஈரமும் காபனீரொட்சைட்டும் மேற்பரப்பிலுள்ள அமைனுடன் சேர்ந்து மெழுகு போன்ற மெல்லிய படையை உண்டாக்கும். அதன்மேல் எதுவும் பற்றாது. அது நீரிற் கரையும். ஆகவே தண்ணீரும் துணியும் போதும். கழுவாமல் தேய்த்தால் மெழுகை மரமெங்கும் பரப்பியவராவோம். குளிருக்காகக் கராஜினுள்ளே மண்ணெண்ணெய் அடுப்பையோ வாயு அடுப்பையோ கொளுத்தி வைப்போர் கவனிக்க: அவை வெளிவிடுவன அதே ஈரமும் அதே காபனீரொட்சைட்டுமே. மூச்சுக்கும் கேடு. மின்சார வெப்பமூட்டியே தக்கது. மரத்தில் தனிப் பிசினைப் பூசுவதற்கு மாலை வேளை நன்று. வெப்பநிலை ஏறும் காலையிற் பூசினால் மரத்துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளிவந்து பூச்சில் நூறு குமிழிகளை உண்டாக்கும். வெப்பநிலை இறங்கும்போது பூசினால் மரம் பிசினை உள்ளே இழுக்கும்.

உடல்நலம் பற்றி

இப்பகுதியைப் பெற்றோர் இருமுறை வாசிக்கவேண்டும். எப்பொக்சியிற் பெரும்பாலானவை கடுமையாக மணப்பதில்லை, தொட்டால் சுடுவதுமில்லை. அதுவே ஆபத்து. தோலிற் பலமுறை பட்டுப் பட்டு ஒரு நாள் உடல் அதனைப் பகையாகக் கருதத் தொடங்கும். அதன்பின் சிறு துளி பட்டாலும் சொறியும் தடிப்பும் கொப்புளமும் தோன்றும். அவ்வொவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். முற்றாக இறுகாத பிசினும் மிகையான இறுக்கியும் இதில் மிகக் கொடியவை.

17ஆம் கலவையைச் சுரண்டிய அந்த இரண்டு வார இறுதிகளிலும் என் கையுறை கிழிந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மணிக்கட்டில் ஒட்டியதை அசற்றோன் நனைத்த துணியால் துடைத்தேன். கரைப்பான் பிசினைக் கரைத்துத் தோலினுள்ளே கொண்டுசெல்லும் என்பதை இரசாயனம் படித்தவன் நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் கைக்கடிகாரம் கட்டும் இடம் சிவந்து தடித்தது. அதன் பின்னர் கண்ணிமைகள் வீங்கின. வைத்தியர் இனி அப்பொருளைத் தொடவே வேண்டாம் என்றார். எஞ்சிய படகு முழுவதையும் நான் கராஜின் வாசலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல மற்றவர்களே கட்டினர். மழை நாட்களிற் குடையுடன் நின்றேன்.

எனவே: நைத்திரைல் கையுறை, கிழிந்தவுடன் புதியது, நீண்ட கைச்சட்டை, கண்ணாடி, திறந்த கதவு. தோலிற் பட்டால் சவர்க்காரமும் நீரும் மட்டுமே. அசற்றோனும் வினாகிரியும் கருவிகளுக்கு, கைகளுக்கன்று. தேய்க்கும்போது தூசிக்குரிய முகமூடி. அதுவும் முற்றாக இறுகிய பின்னரே தேய்த்தல். இளகிய பிசினைப் பிள்ளைகள் தொடுவதை நாங்கள் ஒரு நாளும் அனுமதிக்கவில்லை. வரைதல், அளத்தல், துளையிடல், கம்பியால் தைத்தல், கணக்கு எழுதுதல் ஆகியன அவர்களுடையவை. அவற்றுக்கே நாள் போதாதிருந்தது.

நீரில் இறக்குதல்

எப்பொக்சி நீரைத் தாங்கும்; வெயிலைத் தாங்காது. சூரியனின் புறஊதாக் கதிர் அதனை மஞ்சளாக்கி, சுண்ணாம்பு போல் உதிரச் செய்யும். ஆகவே வெளிப்புறத்துக்கு வர்ணமும், மரத்தின் அழகு தெரியவேண்டிய உட்புறத்துக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிசும் பூசினோம். அதற்குமுன் கடைசிப் பூச்சை இரண்டு வாரம் இறுகவிட்டு, கழுவி, தேய்த்தோம்.

யூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஏரிக்கரைக்குக் கொண்டுசென்றோம். உயிர்காப்பு அங்கி அணிந்து முதலில் ஏறியவர்கள் இரண்டு பெரியோரும் கொப்பி எழுதிய மாணவியும். அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. வலப்பக்க முன்மூலையில் கையை வைத்தபடியே கால் மணி நேரம் இருந்தாள். அங்கே நீர் வரவில்லை. ஆயினும் கரைக்குத் திரும்பியபோது படகின் பின்பகுதியில் ஒரு கரண்டியளவு நீர் கிடந்தது. தேடிப் பார்த்ததில், அடியிற் பொருத்திய நெடுஞ்சட்டத்தைப் பிடிக்கும் திருகாணித் துளையொன்றின் வழியாக அது வந்திருந்தது. கடைசி வாரத்து அவசரத்தில் அத்துளையின் உட்சுவருக்கு எவரும் பிசின் ஊட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை அதனை அகலமாகத் துளைத்து, உலரவைத்து, தோசை மாப் பதத்தில் நிரப்பி, மறுவாரம் அதன் நடுவே சிறிதாகத் துளைத்துத் திருகாணியைப் பூட்டினர். கொப்பியில் அது 63ஆம் கலவை. வெப்பநிலை 19 பாகை. பிசின் 50 கிராம், இறுக்கி 21 கிராம்.